கஸ்தூரி படுத்திருந்த அறை

பரசுராமன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். செங்கம் சாலையிலிருந்து மலைப்பக்கம் திரும்பும் சந்து ஒன்றில், பாதி தளமும் பாதி சிமெண்ட் ஷீட்டுமாக வீடு கட்டியிருந்தார். மகள் இனியா கல்யாணமாகி வேலூரில் இருந்தாள். வீட்டில் அவரும் மனைவி கஸ்தூரியும்தான். கஸ்தூரிக்கு மூச்சிழுப்பு. ஷீட் போட்ட பின்னறையில் காற்று வரும் என்று அவள் கட்டிலை அங்கே போட்டிருந்தார்கள்.

ஷீட்டின் ஓரத்தில் மழைத்தண்ணீரைப் பிடித்துக் கீழே இறக்க ஒரு தகரக் காவா இருந்தது. மலையிலிருந்து வரும் குரங்குகள் தொங்கித் தொங்கியே அதை வளைத்துவிட்டன. ஆடி மழையில் தண்ணீர் காவாயில் ஓடாமல் சுவரில் வழிந்தது. உள்பக்கம் சுண்ணாம்பு பொரிந்து, கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. கஸ்தூரிக்கு இரைப்பு அதிகமானது. மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் அந்த அறை காய வேண்டும் என்றார் டாக்டர்.

பரசுராமன் கூப்பிட்ட பிளம்பர்கள் யாரும் இந்தச் சின்ன வேலைக்கு வரவில்லை. எல்லோருக்கும் புதிதாகக் கட்டும் லாட்ஜ்களில் வேலை இருந்தது. தானே ஏணி போட்டு ஏறினார். தகரத்தைக் கழற்றிவிட்டு, தடித்த பிவிசி பைப்பை நெடுக இரண்டாக அறுத்துப் பொருத்தினார். சரிவு வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கி வழிந்தது. கழற்றி, நூல் பிடித்துத் திரும்பக் கட்டினார். அதைக் குரங்குகள் பிடுங்கிப் போட்டன. இரும்புப் பட்டை அடித்து மறுபடியும் மாட்டினார். பஸ்ஸை விட்டுவிட்டு வந்தால் பொழுது சாயும்வரை ஏணியில்தான் இருப்பார்.

"போதும், எறங்குங்க. இந்த வயசுல ஏணி இன்னாத்துக்கு?" என்பாள் கஸ்தூரி.

"அடுத்த மழை வரட்டும் பாரு. ஒரு சொட்டு செவுத்துல படாது."

பின்னாலிருந்த காலிமனையில் அப்போது யாரோ விருந்தினர் விடுதி கட்டத் தொடங்கியிருந்தார்கள். லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கினார்கள். பரசுராமனும் அதைப் பார்த்தார். அவர் கவலையெல்லாம் கூரைமேல் இருந்தது.

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. காவா அசையவில்லை. தண்ணீர் அத்தனையும் அதில் ஓடி, குழாய் வழியாக இறங்கியது. கஸ்தூரியை எழுப்பி ஜன்னல் வழியாகக் காட்டினார். அவளும் சிரித்தாள்.

மதியம் மழை வலுத்தது. முன்பெல்லாம் காலிமனை வழியாகப் போய்விடும் தெருத்தண்ணீர், புதிய மேட்டில் முட்டித் திரும்பியது. பின்கதவின் கீழே நுழைந்தது. சாக்கு வைத்து அடைத்தார். தரை இடுக்குகளிலிருந்து ஊறியது. பக்கெட்டால் மொண்டு மொண்டு கொட்டினார். மொண்ட அளவுக்கு உள்ளே வந்தது. கட்டிலின்மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்த கஸ்தூரிக்கு மூச்சு நின்று நின்று வந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்துக்கொண்டாள். இனியா வந்து ஆஸ்பத்திரியிலிருந்தே தாயை வேலூருக்கு அழைத்துப் போய்விட்டாள்.

விடுதிக்காரரிடம் போய்ப் பேசினார். அவர் மரியாதையாகவே பேசினார். என் மனையை நான் உயர்த்தினேன், உங்களுடையதை நீங்கள் உயர்த்திக்கொள்ளுங்கள் என்றார். தரையை உயர்த்தினால் ஷீட் தலையில் இடிக்கும். மொத்தமாக இடித்துக் கட்டப் பரசுராமனிடம் தெம்பு இல்லை.

இருந்தாலும் அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, அவளை அழைத்துவர வேலூர் போனார். கஸ்தூரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனா அந்த ரூமை நெனச்சாலே நெஞ்சு அடைக்குதுங்க. நான் வரல."

சரி என்று மட்டும் சொன்னார். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

அவர் வேலை இங்கே இருக்கிறது. தண்ணீர் நிற்கும் வீட்டை வாங்க ஆள் வரவில்லை. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தால், சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துவிட்டு, பஸ் நிறுத்தும் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொள்கிறார். இனியா போனில் விசாரித்தால், இங்கே மழையே இல்லை என்கிறார்.