வெளி அடுப்புக் கேக்

திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் போகும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மண்ணை அள்ளிக் கையைத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். வேலியோரம் வேப்பிலையை உருவிக் கசக்கியும் பார்த்தேன். பட்டை, கிராம்பு, வெண்ணெய், பச்சை முட்டை எல்லாம் கலந்த நாற்றம் நகக்கண்ணில் ஏறி உட்கார்ந்திருந்தது. தோளில் ஒரு பை. அதில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, ஒரு போர்வை. ரிக் முதலாளியின் தோட்டத்து வீட்டை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். யாரும் கூப்பிடவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

அது எண்பதுகளின் தொடக்கம். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். குமாரபாளையத்தில் தறிப்பட்டறை, நாமக்கல்லில் லாரி கிளீனர் வேலை, ஜேடர்பாளையத்தில் ஒரு கரும்பாலை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் ரிக் வண்டியில் சமையல்காரனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குப் போர் போடுகிற வண்டியோடு பத்துப் பேர் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போவார்கள். அவர்களுக்குச் சோறு பொங்குவது என் வேலை. வண்டி நிற்கிற இடத்தில் மூன்று கல். மழை வந்தால் வண்டிக்கு அடியில் மூன்று கல்.

எங்கள் வண்டியில் துளை போடும் டிரில்லருக்குக் கை போனது ஆந்திரா பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தபோது. ராடு கழற்றும்போது வலது கை மாட்டிக்கொண்டது. சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கை கெட்டுப்போய், மணிக்கட்டுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதாகிவிட்டது. வண்டியைத் திருச்செங்கோட்டு ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காற்றை அழுத்தித் தள்ளுகிற கம்ப்ரசரும் பழுதாகியிருந்தது; அது சுவீடன் தேசத்தில் செய்தது. அதைப் பார்த்துச் சரிசெய்ய அந்த ஊர் இஞ்சினியர் ஒருவர் மனைவியோடு வந்தார். லாட்ஜில் மூட்டைப்பூச்சி கடிக்கிறது என்று முதலாளி அவர்களைத் தன் தோட்டத்து வீட்டு மாடியில் தங்கவைத்தார். முதலாளிக்கு அதே மாதிரி இன்னொரு கம்ப்ரசர் வேண்டும். காத்திருக்கிறவர்கள் வரிசையில் அவரை முன்னால் தள்ளிவிட அந்த இஞ்சினியர் மனது வைத்தால் நடக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் அந்த வீட்டில் அவர் தும்மினால்கூட மூன்று பேர் எழுந்து நின்றார்கள்.

அவர்களுக்கு முட்டையும் கோழியும் செய்ய என்னை ஷெட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். அந்த வீட்டில் கவுச்சி எதுவும் சமையலறைக்குள் போகக் கூடாது. மாட்டுச்சாளைக்குப் பக்கத்தில் வெளி அடுப்பு ஒன்று இருந்தது. சாணி நாற்றத்துக்கும் புகைக்கும் நடுவில் நான்.

ஒரு நாள் இஞ்சினியரின் மனைவி, அந்தம்மா, கேக் செய்ய ஆசைப்பட்டார். அன்று அவர் கணவருக்குப் பிறந்த நாள். அவர்கள் ஊரில் எல்லா வீட்டிலும் செய்கிற சாதாரணக் கேக்தானாம், மசாலா போட்டது. முதலாளியின் மகன் கோயமுத்தூரில் படிக்கிறவன். அவன் எங்களுக்கு நடுவில் நின்று அவர் சொன்னதைத் தமிழில் சொன்னான்.

"மைதா, சக்கரை, வெண்ணெய், முட்டை, தயிரு, சோடா உப்பு. அப்புறம் பட்டை, கிராம்பு, ஏலக்காய், சுக்கு."

"கறிக்கா, கேக்குக்காங்க?" என்றேன்.

"கேக்குக்குத்தான். சொன்னதைச் செய்."

பட்டையும் கிராம்பும் எங்கள் பக்கம் ஆட்டுக்கறி வாசம். தெருவில் போகிறவன் அந்த வாசம் பிடித்து, யார் வீட்டில் கறி வேகிறது என்று சொல்லிவிடுவான். பாயசத்துக்கு ஏலக்காய் போடுவோம், அதோடு சரி. அந்தம்மா பட்டையும் கிராம்பும் கை நிறைய எடுத்துக் கொடுத்தார். வெளி அடுப்புக்கென்று இருந்த அம்மி, முந்தின நாள் கோழிக்கு மசாலா அரைத்தது. மூன்று முறை கழுவினேன். பூண்டு வாசம் கல்லுக்குள் போய்விட்டது, கழுவினால் வருமா? அதில்தான் பொடித்தேன்.

முட்டையையும் சர்க்கரையையும் நுரை வரும்வரை அடிக்கச் சொன்னார். கை ஓய்ந்தது. வெண்ணெய் எருமை வெண்ணெய், இரண்டு நாள் புளித்தது. அதை உருக்கி ஊற்றினோம். தயிரும் மாவும் மசாலாவும் சேர்ந்ததும் சாணி கரைத்த மாதிரி ஒரு நிறம் வந்தது. அந்தம்மா விரலால் வழித்து நக்கினார். பச்சை முட்டை. நல்ல முகம் அவருக்கு, சிரித்துக்கொண்டே இன்னொரு விரலில் எடுத்து என்னிடம் நீட்டினார். நான் குனிந்து அடுப்பை ஊதினேன்.

ரஸ்க்கை நுணுக்கி, வெண்ணெய் தடவிய பாத்திரத்துக்குள் தூவி, மாவை ஊற்றினார். அதை வேகவைக்க நான் வழி சொன்னேன். பெரிய அலுமினியக் குண்டாவில் ஆற்றுமணல் நிரப்பிச் சூடேற்றி, பாத்திரத்தை உள்ளே வைத்து மூடி, மூடி மேல் கங்கு போட்டேன். வெந்து வந்தது. அந்த வாசம் தோட்டம் முழுக்கப் பரவியது. கறிக்குழம்பில் யாரோ வெல்லப்பாகைக் கொட்டின மாதிரி. முதலாளி மனைவி பின்வாசலில் வந்து நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏன்டா, ஆடு கீடு செத்துக் கெடக்குதா?"

"கேக்குங்க அம்மா."

"நல்லாத்தான் இருக்குது போ," என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

இதெல்லாம் நடக்கும்போது டிரில்லரின் மனைவி காலையிலிருந்து மாட்டுச்சாளை நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புருஷனை இன்னும் ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். ஒற்றைக் கையோடு ரிக்கில் ஏற முடியாது. ஷெட்டில் வாட்ச்மேனாகப் போடச் சொல்லிக் கேட்க வந்திருந்தார். அந்த வேலை கிடைத்தால் குடும்பம் நிற்கும், இல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகளோடு தெருவில்தான். முதலாளி காலையில் வெளியே வந்தபோது எழுந்து கும்பிட்டார்.

"இரு அம்மிணி, விருந்தாளிக இருக்கறாங்க. அப்புறம் பேசிக்கலாம்," என்று முதலாளி போய்விட்டார்.

மத்தியானம் டிரில்லர் மனைவிக்கு நான் சோறு கொடுத்தேன். கோழிக்குழம்பு ஊற்றப் போனபோது கையால் தட்டை மூடினார். "மோர் ஊத்து சாமி. அவரு ஊடு வந்து சேர்ற வரைக்கும் கவுச்சி தொடறதில்லைன்னு மாரியாத்தாளுக்கு வேண்டியிருக்கேன்."

சாயங்காலம் வாசலில் மேசை போட்டு, சீலை விரித்து, கேக்கை வைத்தார்கள். இஞ்சினியர் வெட்டினார். வீட்டில் எல்லோருக்கும் ஒரு துண்டு. முதலாளி வாயில் போட்டு மென்று "வெரி குட், வெரி குட்" என்றார். நெற்றியில் வேர்த்தது. அவர் தம்பி "சூப்பருங்க" என்று சொல்லிவிட்டு, ஏதோ அவசரம் போல வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். நான் தண்ணீர் எடுக்க வந்தவன், அவர் வைக்கோல்போருக்குப் பின்னால் துப்பிவிட்டு நாக்கைத் துண்டால் துடைப்பதைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் முதலாளி மகன் வந்தான். அவனும் துப்பினான். நாய் வந்து முகர்ந்து பார்த்து, தின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு வாயைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய் இன்னொரு துண்டு கேட்டார்கள். நான் கூஜாவை நிரப்பிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

இஞ்சினியர் மட்டும் பேசாமல் நான்கு துண்டு சாப்பிட்டார். தட்டில் கிடந்த தூளை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அவருக்கு அது அவர் அம்மா வீட்டுப் பண்டம். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

பிறகு கேமராவை எடுத்தார். கை போன டிரில்லர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாராம், மகன் தமிழில் சொன்னான். முதலாளிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போல, மாட்டுச்சாளைப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார்.

"இங்க வா அம்மிணி. இதுதான் சார், டிரில்லர் சம்சாரம். நம்ம குடும்பம் மாதிரி. அவனுக்கு ஷெட்டுலயே வேலை போட்டுக் கொடுக்கறேன்னு சொல்லுடா."

மகன் சொன்னான். இஞ்சினியர் தலையை ஆட்டி முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தம்மா ஒரு துண்டைத் தட்டில் வைத்து டிரில்லர் மனைவியிடம் நீட்டினார். இஞ்சினியர் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

"சாப்புடு அம்மிணி, படம் புடிக்கறாங்க," என்றார் முதலாளி.

டிரில்லர் மனைவி தட்டை வாங்கிக்கொண்டார். முகர்ந்தார். தட்டைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், கடைசியாகக் கூஜாவோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"ஏன் சாமி, இதுல முட்டை கிட்டை இருக்குதா?"

"இருக்குதுங்க அக்கா," என்றேன். "நாலு."

அவர் தட்டை மேசையில் வைத்தார். "வேண்டுதல் இருக்குதுங்க மொதலாளி. அவரு எந்திரிச்சு வரட்டும். அப்புறம் தின்னுக்கறேன்."

அந்தம்மாவுக்குப் புரியவில்லை. கூச்சம் என்று நினைத்து மறுபடி தட்டை எடுத்து நீட்டினார். இவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். இஞ்சினியர் கேமராவை இறக்கினார். மகன் என்னவோ இங்கிலீஷில் சொன்னான். அவர்கள் இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் முதலாளியின் முகம் மாறியது. "வெளிதேசத்துக்காரன் முன்னால என்னை அசிங்கப்படுத்திட்ட. என்ற ஊட்டுப் பண்டம் உனக்கு ஆகாது, என்ற வேலை மட்டும் வேணுமா? ஒரு வேலையும் கெடையாது, போ."

"மொதலாளி, சாமி காரியமுங்க..."

"போன்னு சொன்னேன்."

அவர் போனார். முதலாளி என் பக்கம் திரும்பினார். "முட்டை இருக்குதுன்னு உன்னை எவன்டா சொல்லச் சொன்னது?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"கேட்டா சொல்லிருவியா? நீ பெரிய அரிச்சந்திரன். போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

வெளி அடுப்புக்குப் போனேன். குண்டாவில் மணலும் வெண்ணெயும் சேர்ந்து அடி பிடித்திருந்தது. மேலே ஈ மொய்த்தது. வைக்கோல்போருக்குப் பின்னால் நாய் இன்னும் நக்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்த தேங்காய் நாரைக் கீழே போட்டேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அப்படித்தான் அந்த ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். வையப்பமலை தாண்டி ஒரு பாலத்துக் கட்டைமேல் டிரில்லர் மனைவி உட்கார்ந்திருந்தார். பஸ் போய்விட்டதாம். நானும் உட்கார்ந்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அந்த நாத்தம் புடிச்ச கேக்கை நீங்க தின்னாததே நல்லதுங்க அக்கா."

அவர் திரும்பி என்னை முறைத்தார்.

"நான் எதுக்கு உன்னைக் கேட்டேன்னு நெனச்சே?"

"முட்டை இருக்குதான்னு."

"இருக்குதுன்னு தெரியாமயா கேட்டேன்? காலையில புடிச்சு அங்கதான உக்காந்திருந்தேன். நீ முட்டை ஓட்டைக் கொண்டாந்து குப்பையில கொட்டுனது என்ற கால்மாட்டுல."

"அப்புறம் ஏனுங்க கேட்டீங்க?"

"நீ இல்லைன்னு சொல்லுவீன்னு கேட்டேன். சமைச்சவன் இல்லைன்னா இல்லை, அவ்வளவுதான். தின்னிருப்பேன். அந்தாளு மனசு குளுந்து வேலையைப் போட்டிருப்பான். தெரியாமத் தின்னதுக்கு ஆத்தா என்னை ஏன் கேக்கப் போறா?"

"என்னைக் கேக்க மாட்டாளாங்க?"

"உனக்கென்ன, ஊரூராச் சுத்தறவன். உன்னை எங்கன்னு தேடுவா?"

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னால் அதுவும் குற்றம். அந்த வீட்டில் நாள் முழுக்க எல்லோரும் வாயில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக இருந்தார்கள். நான் ஒருவன்தான் உண்மையைச் சொன்னேன், அது போய் இந்த மனுஷியின் அடுப்பில் தண்ணீர் ஊற்றியது.

பிறகு அவர் கேட்டார். "இப்ப எங்க போற?"

"தெரியலைங்க. எங்கயாச்சும்."

"எங்கூரு சேகோ மில்லுல கழிவுத் தொட்டி கழுவ ஆள் இல்லாம மேஸ்திரி திண்டாடறான். வர்றவன் எல்லாம் அரை நாள்ல ஓடிப்போறான். நான் அங்க ஜவ்வரிசிக்குக் கெழங்கு தோலு உரிக்கறவ. ஆளைக் கூட்டியாந்து உட்டா என்ற பேச்சைக் கேப்பான். ராத்திரிக் காவலுக்கு அவரை வெச்சுக்கச் சொல்லிக் கேக்கறேன். நீ ஓடாம நிக்கோணும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"மேஸ்திரி அவரைக் காவலுக்குப் போட்டு, ஊருக்காரனுக அவரு அங்க உக்காந்திருக்கறதைப் பாத்துப் பழகற வரைக்கும். அதுக்கப்புறம் நீ எந்தத் தேசத்துக்கு வேணாலும் போ."

சரி என்றேன். எனக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது.

இருட்டில் நடந்தே போய்ச் சேர்ந்து, அன்றைக்கு மில்லின் காயப்போடும் களத்திலேயே படுத்துக்கொண்டேன். காலையில் அவர் மேஸ்திரியைக் கூட்டிவந்து என்னைக் காட்டினார். மாட்டைப் பார்க்கிற மாதிரி மேஸ்திரி என் காலையும் தோளையும் பார்த்தான்.

"இவன் நிப்பானா?"

"நிப்பானுங்க. எங்கூட்டுக்காரருக்குக் காவல் வேலையைச் சொல்லுங்க, அப்புறம் எறக்குங்க."

"ஒத்தைக் கைக்காரனை வெச்சு என்ன காவல் காக்கறது?"

"விசில் ஊதறதுக்கு ஒத்தைக் கை போதுமுங்க."

மேஸ்திரி யோசித்தான். "கூட்டிட்டு வா, பாக்கலாம். இவன் மொதல்ல எறங்கட்டும்."

தொட்டி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கிழங்குத் தண்ணீர் வாரக்கணக்கில் நின்று புளித்து, மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியிருந்தது. அதில் புழு நெளிந்தது. சுற்றி உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயில் துணியைக் கட்டியிருந்தார்கள். டிரில்லர் மனைவியும் கத்தியை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து, நான் இறங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஒரு வாளியையும் மண்வெட்டியையும் என் முன்னால் போட்டான். லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி இறங்கினேன். கழிவு முழங்காலுக்கு மேல் வந்தது.