கூடையில் பந்து போட்டுச் சாப்பிட்டவன்

கூடையில் பந்து போடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்காத ஆளைக் கோலாலம்பூரில் நான் பார்த்ததில்லை. தொழில்தாங்க! சம்பளம் வாங்கி விளையாடினேன், ஜோராகவே விளையாடினேன். உங்கள் பிழைப்பையும் வீட்டில் மதிக்கவில்லையென்றால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

சப்பாத்துக் கடை

கிள்ளானில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடைக்குச் சப்பாத்து வாங்கப் போனேன். நான் ஆறடிக்கு மேல். காலும் அதற்கேற்ற மாதிரி. கடையையே கவிழ்த்துத் தேடியும் என் அளவு கிடைக்கவில்லை. தவுக்கே என்னை அண்ணாந்து பார்த்தார். அவர் சொந்தமாக ஒரு கூடைப்பந்து அணி வைத்திருந்தார். எல்லாரும் சீனப் பையன்கள்.

“உன் காலுக்கு சப்பாத்து இல்லை. உனக்கு வேலை இருக்குலா!”

பிரிக்பீல்ட்ஸ் வீடு

அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் சம்மட்டி வேலை. எனக்கும் அங்கே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பேசி வைத்திருந்தார். நான் பந்துக்குப் போனதும் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். ஊரே கைதட்டியது, அவர் ஒருவர் பேசாதது எனக்குத் தாங்கவில்லை. எதிரிலேயே நான் உட்கார்ந்திருப்பேன், அவர் அம்மாவிடம் சொல்வார்:

“அந்தப் பந்துக்காரரைச் சாப்பிட வரச் சொல்லு.”

தைப்பூச விரதம்

ஆட்டத்துக்கு முன் அணியே ஒன்றாக உட்கார்ந்து கோழி சாப்பிடுவது தவுக்கே வைத்த வழக்கம். பத்துமலை முருகனுக்கு விரதமிருந்த எனக்கு வாழைப்பழமும் பாலும்தான். மயங்கி விழுவேன் என்று எங்கள் அணிப் பையன் ஆ செங் பயந்தான். அன்றைக்கு அம்பாங் அணியை நான் ஓட ஓட விரட்டினேன்! அடுத்த ஆட்டத்தில் ஆ செங் கோழித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் வாழைப்பழத்தைக் காட்டினான்.

“எனக்கும் பிசாங் கொடு, அண்ணே.”

கடைசி ஆட்டம்

முட்டி போய்விட்டது. கடைசி ஆட்டம் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் திடலிலேயே நடந்தது. கூட்டத்துக்குப் பின்னால் அப்பா, பட்டறைச் சட்டையோடு! ஆட்டம் முடியப் போகிறது, இரண்டு அணியும் சமம். அந்த நேரம் பார்த்து எதிரணிக்காரன் ஒருவன் என் கையில் அடித்தான். அப்படி அடித்தால் நமக்கு ஒரு வீச்சு உண்டு. அதை வீசும்போது யாரும் குறுக்கே வரக்கூடாது, அதுதான் சட்டம். எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். நான் நிதானமாகப் போட்டேன். விழுந்தது, ஜெயித்தோம்.

அப்பாவுக்கு அந்தச் சட்டம் எங்கே தெரியும்? கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடமே வந்தார்; கண் கலங்கியிருந்தது. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்:

“நீ பந்தைக் கையில எடுத்தா அத்தனை பேரும் அசையாம நிக்கிறானுங்களேடா! இவ்வளவு மரியாதையா உனக்கு?”

“ஆமாப்பா” என்று சொல்லிவிட்டேன். எத்தனையோ கோப்பைகள் வாங்கியவன் நான், ஆனால் வீட்டில் எனக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவன் என் கையில் அடித்த அந்த எதிரணிக்காரன்தான்.