கோப்பில் ஒரே ஒரு வரி

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். ஒரு சிப்பைத் தயாரிக்கக் கொடுப்பதற்கு முன் அதைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு சிக்னலும் எப்போது ஒன்றாக ஏறியது, எப்போது பூஜ்யமாக இறங்கியது என்று மலைபோல் ஒரு கோப்பு வந்து விழும். பைத்தானில் நிரல் எழுதி அதைச் சலித்தெடுப்பது அவள் வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. கணவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டால், "என்ன, பிடிக்கலையா?" என்று விசாரணை நடக்கும். "பிடிக்கலேன்னா சொல்ல மாட்டேனா?" என்பான் அவன்.

அன்று காலை அவள் சலித்ததில் சாமியார் மாட்டிக்கொண்டார். அதிகம் பேசாத மூத்த வடிவமைப்பாளருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது. பச்சைக் குழந்தைகளுக்கான மூச்சுக் கருவியின் சிப் இது. மின்சாரம் தடுமாறினாலும் கருவி நிற்காமல் தாங்கிப் பிடிக்கும் பகுதி அவர் கட்டியது. அது தாங்கிப் பிடித்திருந்தால் சிக்னல் ஒன்று, விட்டுவிட்டால் பூஜ்யம். அவள் எடுத்ததில் தொடக்கத்தில் ஒன்று, அப்புறம் வரிசையாகப் பூஜ்யம்.

"கை விட்டுடுச்சே! சாயங்காலம் சிப் போகணும். அந்தப் பகுதியைத் தூக்கிடுங்க," என்றார் மேலாளர்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மனசு கேட்காமல் அவள் அந்த மூலக் கோப்பையே திறந்து தேடினாள். அந்தச் சிக்னலுக்குத் தொடக்கத்தில் ஒரே ஒரு வரி: ஒன்று. அதற்கப்புறம் கடைசிவரை பேச்சே இல்லை. பூஜ்யம் எங்கிருந்து வந்தது?

தூக்கிவாரிப் போட்டது. சிக்னல் மாறினால்தானே கோப்பில் வரி விழும்! வரி இல்லாத இடத்திலெல்லாம் பூஜ்யத்தை நிரப்பியது அவளுடைய நிரல். ஓயாமல் ஏறி இறங்கும் கடிகாரச் சிக்னலுக்காக அவசரத்தில் எழுதியது. அதில் இடைவெளியே வராததால் குட்டு வெளிப்படவில்லை.

புதிதாக ஏதும் வராதவரை பழைய மதிப்பே நிற்கட்டும் என்று திருத்தி ஓட்டினாள். திரையில் மின்சாரச் சிக்னல் விழுந்து எழுந்து தத்தளித்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கோடுகள் குதித்தன. அந்த ஒரு கோடு மட்டும் இம்மியும் அசையவில்லை. அவளுக்கு மெய்சிலிர்த்தது. கண்ணுக்கே தெரியாத ஒரு துளி இடத்துக்குள் இப்படி ஒரு பிடிவாதமா!

"சார், ஓடி வாங்க! விழவே இல்ல சார். நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."

மேலாளர் குனிந்து பார்த்தார். "அப்போ இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். சாமியார் அந்தக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் தடவினார்.

"காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா," என்றார் அவர். "குழந்தையோட மூச்சு. அதுல போய் நான் எப்படிப் பிடிவாதம் பிடிக்கிறது?"