என்ற கல்செடிக்குத் தண்ணி ஊத்திப்போடாதீங்க

செடி வியாபாரம்னா தண்ணி ஊத்தற வேலைன்னு ஊரு நினைச்சுட்டிருக்குது. தண்ணி ஊத்த வர்ற கையைப் புடிச்சு நிறுத்தறதுதானுங்க என்ற பொழப்பு.

சிங்காநல்லூர்ல எங்கூட்டு மொட்டை மாடியில சக்குலண்ட் செடிக வளர்த்து விக்கறேன். அதுலயும் தொட்டுப் பாக்கத் தோணற வகையாப் பாத்து வளக்கறேன். முயல் காதாட்டம் மெத்துனு முடி இருக்கறது ஒண்ணு. இலை முழுக்க வெள்ளை வெள்ளையா மரு பொரிஞ்சிருக்கறது ஒண்ணு. அப்பறம் அசல் கூழாங்கல்லாட்டமே இருக்கற கல்செடி. இதெல்லாம் இலைக்குள்ளயே தண்ணியச் சேத்து வெச்சுக்கும். மண்ணு நல்லாக் காஞ்ச பொறகு ஊத்துனாப் போதும், அதுக்கு மேல ஊத்துனா அழுகிப்போகும். இதைச் சொல்லிச் சொல்லி என்ற தொண்டைதான் காஞ்சுபோச்சு. நீங்களும் இந்தச் செடி வளக்கறவங்கன்னா, மேல படிக்கறப்ப உங்களுக்கே வயிறு எரியும்.

கல்செடிதான் என்ற உசுரு. விதை போட்டு நாலு வருசம். ஒரு பொட்டலம் விதையில பிழைச்சது ஒண்ணே ஒண்ணு. ரெண்டு தடிச்ச இலை, நடுவுல ஒரு பிளவு, அவ்வளவுதான் செடி. போன ஐப்பசியில அந்தப் பிளவுல ஒரு மொட்டு எட்டிப் பாத்துது. அது விரியறதைப் பாக்கோணும்னு நான் தவமாத் தவம் கெடந்தேன்.

நல்ல தண்ணி

பீளமேட்டுல இருந்து ஒரு வாத்தியாரம்மா, வேலையில இருந்து ஓய்வானவங்க, முயல்காதுச் செடி வாங்கிட்டுப் போனாங்க. பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா ஊத்துங்கன்னு தொட்டியிலயே எழுதி ஒட்டிக் குடுத்தேன். ஒரே மாசத்துல தொட்டியோட திரும்பி வந்தாங்க. இலையெல்லாம் சாம்பார்ல ஊறுன அப்பளமாட்டக் கெடந்துது. காலைல ஒரு சொம்பு, பொழுதோட ஒரு சொம்பு ஊத்துனாங்களாம். அப்ப நான் எழுதி ஒட்டுனது? அதைப் படிச்சாங்களாம், படிச்சதும் செடியப் பாத்துப் பாவமாப் போச்சாம்.

நான் தொட்டிய வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தேன். என்ற மூஞ்சியே சொல்லியிருக்கும் போல. "ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ஒரு சொட்டு போர் தண்ணி ஊத்தலைங்க, அத்தனையும் சிறுவாணித் தண்ணி" அப்படின்னாங்க.

வெள்ளைப் புள்ளி

மதுக்கரையில இருந்து ஒரு அம்மா மருச்செடி வாங்குனாங்க. ஊட்டுல எது மேலயும் ஒரு தூசி இருந்தாத் தூக்கம் வராத மனுசி. அந்தச் செடிக்கு அழகே வெள்ளை மருதானுங்க, அதைத் தடவிப் பாக்கறதுக்குத்தான் ஆளுக தேடி வாராங்க. நாலு நாள் கழிச்சுப் போன் பண்ணி, செடி ரொம்பத் தூசியா இருந்துதுன்னு தேங்கா நாரும் பாத்திரம் வெளக்கற பொடியும் போட்டுத் தேச்சேன்னு சொன்னாங்க. எதுக்குப் போன் பண்ணுனீங்கன்னு மட்டும் கேட்டேன்.

"முக்காவாசி போயிருச்சுங்க, கீழ நாலு புள்ளி மட்டும் என்ன தேச்சாலும் போக மாட்டேங்குது, அதுக்கு வேற எதாச்சும் பொடி இருக்குதுங்களா?"

எருவு

காங்கயத்துப் பக்கம் ஒரு விவசாயி. பத்து ஏக்கரா தென்னை வெச்சிருக்கறவரு, மருமகள் ஆசைப்பட்டான்னு ஒரு செடி வாங்குனாரு. மணலும் சின்னக் கல்லும்தான் இதுக்கு மண்ணுன்னு நான் சொன்னப்பவே அவரு மூஞ்சி சுண்டிப்போச்சு. ஊட்டுக்குப் போனதும் மணலைக் கொட்டிப்போட்டு, மாட்டு எருவு, வேப்பம்புண்ணாக்கு, கடலைப்புண்ணாக்கு எல்லாம் போட்டு நட்டிருக்காரு. செடி பத்தே நாள்ல உப்பி வெடிச்சுப்போச்சு.

இனிமே இப்படிச் செய்யாதீங்கன்னு நான் சொன்னதுக்கு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "தண்ணியும் காட்டாம எருவும் போடாம வெச்சிருக்கறதுக்குப் பேரு வளக்கறதுங்களா அம்மணி? அது பட்டினி போடறது" அப்படின்னுட்டுப் போனாரு.

எட்டுத் தட்டு

இனி என்ற கதை. மொட்டு வந்த அதே ஐப்பசியில, பெருந்துறையில நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊடும் அதே ஊர்தான். என்ற ஊட்டுக்காரர் தாய்மாமன், அதனால மாமன் சீரு எங்க பொறுப்பு. ஒம்போது தட்டும் அடுக்கி வெச்சுப்போட்டு நான் முந்தின நாளே போயிட்டேன். மாடிக்குக் கீழயே லேத் பட்டறை வெச்சிருக்கற மனுசன், முகூர்த்தத்துக்குக் காலைல தட்டுகளோட கார்ல வாரேன்னாரு. கெளம்பறப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னேன்: கல்செடி மேல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது.

அன்னிக்குன்னு பாத்து மழை புடிச்சுக்கிச்சு. ஊட்டுக்குள்ள வெச்சுட்டு வரவேண்டியதுதானேன்னு நீங்க கேப்பீங்க. ஆனா இவரு, உள்ள வெளிச்சம் பத்தாது, மொட்டு கருகுனா நீ என்னையத்தான் கருக்குவேன்னு தொட்டிய மடியிலயே வெச்சு ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு. தொட்டியப் பத்திரமா எடுத்த அவசரத்துல பழத்தட்டைச் சமையக்கட்டுலயே விட்டுப்போட்டாரு.

மண்டப வாசல்ல எண்ணுனா எட்டு. எங்க பக்கம் சீர்த்தட்டு ஒத்தைப்படையிலதான் போகோணும், ரெட்டைப்படையாப் போனாச் சபையில பேச்சாயிரும். மாமன் கையில தொட்டி இருக்கறதை எந்தப் புண்ணியவதியோ பாத்து, வாங்கி, வெத்தலை பரப்புன தட்டுல வெச்சு ஒம்போதாக்கிப்போட்டா.

நான் மேடையில பொண்ணுக்குப் பக்கத்துல நிக்கறேன். மேளத்துக்குப் பின்னால என்ற நாலு வருசம் வருது. மாப்பிள்ளையோட அம்மா அதை ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. சபையில குடுத்த சீரைத் திருப்பிக் கேக்க முடியுங்களா? எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துது. பொண்ணு பிரிஞ்சு போறாளேன்னு அழுகறேன்னு நினைச்சு நாத்தனார் என்ற முதுகைத் தடவிக் குடுத்தாங்க.

ஊட்டுக்காரரைப் பந்தியில புடிச்சு வெச்சுக் கேட்டேன். எலையில இருந்து தலையத் தூக்காமச் சொன்னாரு: "தட்டு ரெட்டைப்படையாப் போனா தாய்மாமன் மானம் போகும் அம்மணி, கல்லு போனா உன்ற கல்லுதானே போகுது."

பெருந்துறைப் போன்

மறுநாளே கல்யாணப் பொண்ணுக்குப் போன் போட்டு, கண்ணு, அது செடி, வெளிச்சம் படற ஜன்னல்ல வெய்யி, தண்ணி மட்டும் ஊத்தவே ஊத்தாதேன்னு கெஞ்சுனேன். புதுசாப் போன புள்ள மாமியார் கையைப் புடிக்க முடியுங்களா? அந்த மாமியாரோ தொளசிக்கு மூணு வேளை ஊத்தற ஆளு. நான் அதோட ஆசையக் கழுவி ஊத்திப்போட்டேன்.

பத்து நாள் கழிச்சு மத்தியானம் அந்தப் புள்ளகிட்ட இருந்து வீடியோ கால் வந்துது. ஜன்னலோரத்துல என்ற தொட்டி. விளிம்புல மஞ்சள், குங்குமம். நடுவுல செடியே தெரியாத அளவுக்கு, செவந்தியாட்ட மஞ்சளா ஒரு பூ. சந்தோசத்துல அழுதுபோட்டேன். பக்கத்துல இருந்து எட்டிப் பாத்த ஊட்டுக்காரரும் கண்ணாடியத் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தாரு. எப்படிக் கண்ணு காப்பாத்துனேன்னு கேட்டேன். அவ குரலைத் தாழ்த்திக்கிட்டா.

"மாமன் சீருல வந்த சாமிக்கல்லு, தண்ணி பட்டாச் சாமி குத்தமாயிரும்னு சொல்லிப்போட்டனுங்க அத்தை, அன்னிக்கிருந்து எங்க மாமியார் அந்த ஜன்னல் பக்கம் சொம்பை எடுத்துட்டே போறதில்லைங்க."

நாலு வருசமா எழுதி ஒட்டியும் தொண்டை கிழியச் சொல்லியும் யாரும் கேக்காத என்ற பேச்சைக் கடைசியில கேட்டது அந்த ஒரே ஒரு மாமியார்தானுங்க, அதுவும் சாமிக்குப் பயந்து.