மூக்கை நம்பிய சமையல்கட்டு

சாப்பாடு அனுப்பிப் பிழைக்கிறவர்களுக்குப் பாராட்டு எப்போதாவது வரும். புகார் வேளாவேளைக்கு வந்துவிடும்.

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் என் சமையல்கட்டு இருக்கிறது. முன்பெல்லாம் சீமந்தம், அறுபதாம் கல்யாணம் என்று சின்ன விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கொரோனா வந்து விசேஷங்களை ஒரேயடியாக நிறுத்தியது. அதனால், வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த குடும்பங்களுக்குக் கேரியர் அனுப்ப ஆரம்பித்தோம். நாங்கள் என்றால் மூன்று பேர். கணக்கும் கத்தலும் என் பொறுப்பு. ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பது செல்வம். சமையல் ரங்கு மாமா.

மாமா பழைய ஆசாரம். பெருமாளுக்கு நைவேத்யம் ஆகும்வரை நாக்கில் ஒரு சொட்டு வைக்கமாட்டார். கொதிக்கிற பாத்திரத்தின் மேல் குனிந்து, ஆவியைக் கையால் மூக்குப் பக்கம் தள்ளி, "இன்னும் அரைப் பிடி உப்பு" என்பார். போட்டால் கச்சிதமாக இருக்கும். உப்பு எப்படி ஐயா வாசனையில் தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. அந்த மூக்கை நம்பித்தான் எங்கள் மூன்று வீட்டிலும் உலை கொதித்தது. கொரோனா கடைசியில் அதிலேயே கை வைத்தது. உங்களுக்கும் அந்த நாட்களில் எதெதோ போயிருக்கும். எங்களுக்குப் போனது மூக்கு.

வெந்நீர் ரசம்

அடையாறு காந்தி நகரில் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர், எங்கள் நிரந்தர வாடிக்கையாளர். ஒரு நாள் போன் செய்து, "இது ரசமா, வெந்நீரா?" என்றார். மறுநாள் சாம்பாரில் ஒன்றுமே இல்லை என்றார். அதற்கும் மறுநாள் எலுமிச்சை ஊறுகாயே சப்பென்று இருக்கிறது என்றார். பின்னாலிருந்து அவர் மனைவி, "எல்லாம் நன்னாத்தானே இருக்கு" என்பது எனக்குக் கேட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஊறுகாய் மண்டையில் உறைத்தது. ஊறுகாய் எப்படிச் சப்பென்று இருக்கும்?

"சார், கோவிச்சுக்காம காபிப் பொடி டப்பாவைத் திறந்து ஒரு தடவை மோந்து பாருங்க" என்றேன். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் மூச்சை இழுக்கும் சத்தம், ஒரு தடவை, ரெண்டு தடவை, மூன்றாவது தடவை. பரிசோதனையில் தொற்று என்று வந்ததும், நல்லவேளையாக அது லேசாக வந்துவிட்டுப் போனதும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அவர் போனுக்குத் திரும்பி வந்து, கொஞ்சம் இறங்கின குரலில் கேட்டது இதுதான்: "காபிப் பொடியும் உங்ககிட்டதான் வாங்கினோமா?"

கீரைக்கு மருந்து

கேரியரை வாசலில் வைத்து, மணியடித்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்பது நாங்கள் வைத்த விதி. செல்வம் அதை ஒழுங்காகச் செய்வான். ஆனாலும் தி.நகரில் ஓர் அம்மாளுக்குப் பயம் தெளியவில்லை. கேரியருக்கு வெளியே சானிடைசர் அடித்தார். சரி. பிடிக்கு அடித்தார். அதுவும் சரி. பிறகு மூடியைத் திறந்து, எதுக்கும் இருக்கட்டும் என்று கீரை மசியல்மேலும் ரெண்டு முறை அடித்துவிட்டார். செல்வம் போனில் சொன்னதும், அதைச் சாப்பிட வேண்டாம் என்று நான் அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, வேறு கேரியர் அனுப்பினேன்.

திரும்பி வந்த செல்வத்தின் சட்டையெல்லாம் ஆஸ்பத்திரி வாடை. என்னடா என்றேன். "கீரைக்கு அட்ச்சிட்டு மிச்சத்த என்மேல அட்ச்சிச்சுக்கா அந்தம்மா. நான் இன்னா கொசுவா?" என்றான்.

கதவுக்கு இருபுறம்

மந்தைவெளியில் ஒரு தம்பதி. மனைவிக்குத் தொற்று, கணவருக்கு இல்லை. அந்த அம்மாள் படுக்கையறைக்குள், இவர் கூடத்தில். ரெண்டு பேருக்கும் தனித்தனிக் கேரியர், ஆனால் ஒரே நேரத்தில் வரவேண்டும் என்று தினமும் கறாராகச் சொல்வார்கள். செல்வம் ஒரு நாள் ஒரு கேரியரை முதலிலும் இன்னொன்றை அடையாறு போய்வந்தும் கொடுத்துவிட்டான். அந்த அம்மாள் எனக்குப் போன் செய்து கோபித்துக்கொண்டார்கள். முன்னே பின்னே வந்தால் என்னம்மா, ரெண்டும் சூடாகத்தானே வந்தது என்று நானும் விடாமல் கேட்டேன்.

கோபமாக இருந்த குரல் சட்டென்று கூச்சப்பட்டது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் நான் உக்காருவேன். இப்பதாம்மா கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம்."

நாளையிலிருந்து ரெண்டு

இரண்டாவது அலை எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காமல் ஒரு குக்கர்கூட இறக்கியதில்லை நாங்கள். கேரியர் குறைகிறபோதெல்லாம் ஏன் என்று கேட்க எனக்கு வாய் வராது. லஸ் பக்கம் ஒரு பெரியவரை ஆக்சிஜன் வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அவர் மனைவி, "இனிமே ஒரு சாப்பாடு போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். மாமா அந்த வீட்டுக் கேரியரில் தினமும் ஒரு கரண்டி சாதம் கூடுதலாகவே வைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சில வீடுகளிலிருந்து அதற்குப் பிறகு போன் வரவே இல்லை. இந்த லஸ் வீட்டிலிருந்து வந்தது. அந்த அம்மாள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "நாளைலேர்ந்து ரெண்டு. ஒண்ணுல காரம் கம்மி."

பருப்பு தீய்ந்த காலை

அப்புறம் எங்கள் முறை வந்தது. ஒரு காலையில் நான் சந்து முனையில் வரும்போதே தீய்ந்த வாடை. யார் வீட்டிலோ என்று நினைத்தேன். எங்கள் சமையல்கட்டில்தான். உள்ளே போனால், அடிப்பிடித்துக் கரியாகிக்கொண்டிருக்கும் பருப்பின் மேல் ரங்கு மாமா நிதானமாகக் குனிந்து, ஆவியைக் கையால் மூக்குப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். புகை கண்ணைக் கரித்து நீர் வழிகிறது, மனிதர் இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறார்.

"மாமா, பருப்பு!" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், பருப்பைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அடுப்பை அணைத்தார். மேல்துண்டால் வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரோரமாக நகர்ந்து வாசலுக்குப் போனார். "கிட்ட வராதே சுமதி. மூக்கு போயிடுத்து."

திரும்பி ஓடிய ஆட்டோ

சமையல்கட்டைப் பூட்டினோம். எனக்கும் செல்வத்துக்கும் தொற்று இல்லை. மாமாவுக்கு உண்டு, மாமிக்கும் உண்டு. ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை அவர் விரலில் மாட்டச் சொல்லி, எண்ணைப் போனில் கேட்டுக் கேட்டு என் தூக்கம் போயிற்று. எண் நல்லபடியாக நின்றது. ஆனால் இத்தனை வீட்டுக்குச் சமைத்தவருக்குச் சமைத்துக் கொடுக்க ஆள் இல்லை. நானும் எத்தனை வேளைதான் என் கைச்சமையலை அந்த மனிதருக்கு அனுப்புவது? எனக்கே வெட்கமாக இருந்தது.

விஷயம் வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்ததும் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. லஸ்ஸிலிருந்து கஞ்சி, மந்தைவெளியிலிருந்து இட்லி. செல்வத்தின் ஆட்டோ காலிக் கேரியர் வாங்கிய வீடுகளிலெல்லாம் நிரம்பிய கேரியர் வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடியது. காந்தி நகர்ப் பேராசிரியர் ரசம் கொடுத்தனுப்பினார், அதுவும் தன் கையால் வைத்தது. அடுப்பு பற்றவைக்கத் தெரியாத மனிதர். சார், மாமாவுக்கா ரசம், அதுவும் நீங்களா என்று கேட்டேன். "அவருக்கு ருசி திரும்பறதுக்குள்ள நான் கத்துண்டுடணும்மா, அதான் தினம் அனுப்பறேன்" என்றார்.

உப்பில்லாத பெருமாள்

காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, மாமாவும் மாமியும் எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள். கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். ஆனால் மூக்கு மட்டும் வரவில்லை. சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். வராமலே போகுமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மாமா கேட்டார். டாக்டர் மருந்து எழுதினார்.

சமையல்கட்டைத் திறந்தோம். மாமாவின் மூக்குக்குப் பதில் செல்வத்தின் மூக்கை நிறுத்திப் பார்த்தோம். அவனுக்கு எல்லாமே "சூப்பரா கீது மாமா". வெந்தயம் கருகினாலும் சூப்பர். பிறகு நான் ஒரு யோசனை சொன்னேன். முதலில் கொஞ்சம் எடுத்துப் பெருமாளுக்குக் காட்டிவிடுவோம். அதற்கப்புறம் நான் ருசி பார்த்து உப்பைத் திருத்துகிறேன். நல்ல யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மாமா கொஞ்ச நாள் அப்படியே செய்தார். ஒரு நாள் நான் சாம்பாரில் ரெண்டு பிடி உப்பு போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பெருமாளுக்கு உப்பில்லாதது, ஊருக்கு உப்பு போட்டதா?" என்றார். நான் விளையாட்டாக, ஒப்பிலியப்பன் கோயிலில் பெருமாள் உப்பில்லாமல்தானே சாப்பிடுகிறார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "அவர் உப்பு போடத் தெரியாத ஆத்துக்காரிக்காக உப்பை விட்டார். என் மூக்குக்காக இவர் எதுக்கு விடணும்? இந்த மாசத்தோட நான் நின்னுக்கறேன். வேற ஆளைப் பார்த்துக்கோ, சுமதி."

பாலத்தின் மேல்

வேறு ஆளை நான் பார்க்கவில்லை. மூக்கு டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். வரமாட்டேன் என்று அடம்பிடித்த மாமாவை நானும் செல்வமும் ஆட்டோவில் ஏற்றினோம். அவர் இல்லாமல் எந்தக் கேரியரை நிறுத்துவது, யாரிடம் என்ன சொல்வது என்று நான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டிக் கால்வாய்ப் பாலத்தில் ஏறியபோது, "செல்வம், நிறுத்து வண்டியை!" என்று மாமாவிடமிருந்து ஒரு கத்தல். மூச்சுத் திணறுகிறதோ என்று அவர் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு இறங்கினார்.

நேரே பாலத்துச் சுவரிடம் போய், முகக்கவசத்தை இறக்கி, கால்வாய்ப் பக்கம் குனிந்தார். கையால் காற்றை மூக்குப் பக்கம் தள்ளினார். இன்னொரு தடவை தள்ளினார். போகிறவர்கள் எல்லாம் முகக்கவசத்தின் மேல் கைக்குட்டையையும் வைத்துப் பொத்திக்கொண்டு ஓட, இவர் மட்டும் கண்ணை மூடி மார்பு நிறைய இழுத்தார். "நாறறது சுமதி! அழுகின முட்டைக்கோஸ், அதுக்குக் கீழே மீன், ஓரத்துல ஏதோ சோப்பு! பகவானே, என்னமா நாறறது!" என்று குழந்தை மாதிரி அழுதார். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு நானும் அழுதேன், சிரிப்பும் வந்தது. மாமா நகர்கிற வழியாக இல்லை.

கடைசியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு செல்வம்தான் வந்து அவர் தோளைத் தொட்டான்: "மாமா, வண்டில ஏறு மாமா. பூட்ட மூக்கு இப்பதான் வந்துகீது. இன்னும் ரெண்டு நிமிசம் இங்கியே நின்னுக்கினு இருந்தா வந்த மூக்கும் பூடும்!"

வாசனையை வைத்துப் பிழைக்கிற எங்கள் அடுப்பை அணையாமல் காப்பாற்றியது ஒரு சாக்கடைதான் என்பதை மட்டும் இன்றுவரை எந்த வாடிக்கையாளரிடமும் நான் சொன்னதில்லை.