மூன்று மீட்டர் ஆழத்துக்கு மூன்று மாதப் பயிற்சி

போன காணும் பொங்கலன்று சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வெள்ளாற்றில் தம்பி மூழ்கினான். நான் சென்னையில் இருந்தேன். மார்ச்சில் ஸ்கூபா வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். தண்ணீருக்குள் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். காரணம் அவ்வளவுதான்.

வகுப்பு ஜூனில். அதற்குள் உடம்பைத் தேற்ற வேண்டும். அம்மாவோடு இருக்கச் சிதம்பரத்துக்கே வந்துவிட்டிருந்தேன். அங்கே மாலைதோறும் நான்கு தேர் வீதிகளையும் சைக்கிளில் சுற்றினேன். ஆட்டோக்களுக்கு நடுவே ஐந்து சுற்று. ஞாயிறுகளில் கடலூர் பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கே ஒரு தனியார் நீச்சல் குளம். இருநூறு மீட்டர் நிற்காமல் நீந்தும்வரை விடவில்லை.

நானாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று. சாப்பாட்டுக்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை அடக்குவேன். அம்மா அடுப்படியிலிருந்தே சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"எவ்ளோம்மா?"

"ஒன்னே முக்கா நிமிஷம். நேத்து ஜாஸ்தி."

தம்பி எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்திருப்பான் என்பதுதான் எங்கள் கணக்கு. அதைச் சொல்லிக்கொண்டதில்லை.

ஜூன். அதே குளத்தின் ஆழமான பகுதி, மூன்று மீட்டர். துணைக்கு நண்பன் மணி வந்தான். தேவனாம்பட்டினத்து மீனவ வீட்டுப் பிள்ளை.

"எங்கப்பா சும்மாவே முங்குவாரு மச்சான். நீ சிலிண்டர் கட்டிக்கினு போற."

கீழே போனதும் பழக்கம் வந்துவிட்டது. மூச்சை அடக்கினேன். குமிழி வராததைக் கண்ட பயிற்சியாளர் தோளைப் பிடித்தார். மூச்சை விடச் சொல்லிக் கைகாட்டினார். விட்ட பிறகுதான் மெல்ல மேலே கொண்டுவந்தார்.

"அடக்கிக்கினே மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும் தம்பி. ஏன் அடக்குனீங்க?"

"மூணு மாசமா அதத்தான் பழகுனேன்."

கரையில் மணி சிரிக்கவில்லை.

மறுபடி இறங்கினேன். இருபது நிமிடம். நீல ஓடுகள். யாரோ விட்டுப்போன பிளாஸ்திரி. என் மூச்சின் சத்தம், பெரிதாக.

போக நினைப்பவர்களுக்கு: முதலில் மருத்துவரிடம் நெஞ்சையும் காதையும் காட்டுங்கள். பத்து நிமிடம் மிதக்கப் பழகுங்கள். சிலிண்டர் கனக்கும், காலுக்கும் முதுகுக்கும் வலு வேண்டும். நிதானமாக மூச்சு விடப் பழகுங்கள். அடக்கப் பழகாதீர்கள். பழகியிருந்தால் மறக்க நாளாகும்.

கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் வீடு திரும்பினேன். அம்மா தட்டை வைத்தாள்.

"கீழ எப்படிடா இருந்துச்சி? ரொம்பக் கஷ்டமா?"

"தெரியலம்மா. எனக்குக் காத்து வந்துக்கினே இருந்துச்சி."