மூன்றாவது இழுப்பு

லொறியை மூடிய படங்குக் கயிற்றின் முடிச்சில், இலக்கம் போட்ட நீலப் பிளாஸ்டிக் முத்திரைச் சீல் ஒன்றைக் கடற்படைக்காரர் மாட்டியதும் இன்சாப் நானா அதை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். "ஒன்டு தோட்டக்காரருக்கு, ஒன்டு எனக்கு, ஒன்டு கேட்ல நிக்கிறவருக்கு." பிறகு ஃபோனில் படம் எடுத்து முகாமுக்கு அனுப்பி, பதில் வந்தால்தான் லொறிச் சாவியைத் திருப்புவார்.

நுரைச்சோலையில் மரக்கறி சேர்க்கும் கொட்டிலிலிருந்து கடற்படை முகாமுக்கு ஏற்றுகிற லொறி அவருடையது. அதற்கு முன் ஒன்பது வருடம் கொழும்பில் பார்சல் வண்டி ஓட்டினார். பழக்கம் கையோடு வந்துவிட்டது. "நான் கட்டுற சோத்துப் பார்சலையும் இழுத்துப் பாத்துத்தான் வாங்குவாரு. நானென்ன கள்ளியா?" என்று மனைவி றைஸா சிரிப்பார்.

2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம்கள் மேல் சந்தேகம் விழ, முகாம் வாசலில் அவருடைய மூட்டைகள் ஒவ்வொரு நாளும் தரையில் கொட்டப்பட்டன. பூசணிக்காயில் கம்பி குத்தினார்கள். நசுங்கிய தக்காளி திரும்பி வந்தது. நானா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பல மாதம் அப்படி நின்றவர், ஒரு நாள் களஞ்சிய அதிகாரியிடம் பார்சல் கம்பனி முறையைச் சொன்னார்: ஏற்றும் இடத்திலேயே உங்கள் ஆள் சோதித்து சீல் வைக்கட்டும், வாசலில் இலக்கத்தைப் பார்த்தால் போதும். அதிகாரி சம்மதித்தார். ஆனால், ஒரு சீல் அறுந்து வந்தாலும் பழையபடி கொட்டல்தான் என்றார்.

போன மாதம் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது முள் உடைமரக் கிளையொன்று படங்கில் மாட்டியது. முகாம் வாசலில் இறங்கிப் பார்த்தால் சீல் அறுந்து தொங்கியது. காவலுக்கு நின்ற இளைஞர் அதைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களத் தெரியாதா நானா, போங்க" என்றார் சிங்களத்தில்.

"என்னத் தெரியும். சாக்குக்குள்ள என்ன கிடக்குண்டு தெரியுமா மல்லி? கொட்டுங்க" என்றார் நானா, தம்பி என்ற சிங்களச் சொல்லால் அவரை அழைத்து.

நானாவே படங்கைத் தரையில் விரித்தார். அந்த இளைஞர் குந்தியிருந்து, தக்காளியை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வைத்தார். ஒன்றும் நசுங்கவில்லை.

"பேசாம உள்ள போயிருக்கலாமே. இனி ஒவ்வொரு நாளும் கொட்டுவானுகள்" என்று வீட்டில் றைஸா கோபித்தார்.

"நாளைக்கும் அந்தக் கேட் வழியாத்தானே போகோணும், றைஸா."

மறுநாள் சீல் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. கொட்டிலில் பாதையைப் பார்த்துப் பார்த்துச் சாக்குத் தைத்தார்கள். ஏழு மணிக்கு முகாமின் மோட்டார் சைக்கிள் வந்தது. இறங்கியவர் அதே இளைஞர், கையில் நீல சீல். மூட்டைகளைச் சோதித்து, முடிச்சில் மாட்டினார்.

இன்சாப் நானா இரண்டு தரம் இழுத்தார். பிறகு கையை எடுத்து, ஓரமாக விலகி, அந்தக் கேட் இளைஞருக்கு இடம் விட்டார்.